வெள்ளைச் சேவல் மறைப்பது: சசெக்ஸ் கோழியின் இறகு நிறமும் இறக்குவானைத் தோட்டக் கோழி வளர்ப்பும்

இறக்குவானைப் பக்கத் தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் கோழி வளர்ப்பவர்கள் சேவல் பொறுக்கும்போது முதலில் பார்ப்பது நிறம். வெள்ளை என்றால் சீமைச் சாதி, செம்பழுப்பு என்றால் நாட்டுக்கோழி, கழுத்தில் செம்பொன் மின்னினால் காட்டுக்கோழி இரத்தம். இறகின் நிறத்தைக் கொண்டு வம்சத்தைத் தீர்மானிக்கும் இந்த வழக்கம் பிழையானது என்பதே என் வாதம். நிறத்தின் பரம்பரை விதி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதைப் பயன்படுத்த விரும்புகிறவர் சேவலின் இறகைப் பார்ப்பதில் பயனில்லை, அதற்குப் பிறக்கும் குஞ்சுகளையே பார்க்க வேண்டும் என்கிறேன்.

இதைக் காட்டச் சசெக்ஸ் இனத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. தென்கிழக்கு இங்கிலாந்தைச் சேர்ந்த இக்கோழிக்கு 1903இல் தனிச் சங்கம் அமைந்தது. உடலமைப்பு ஒன்றே; நிறமோ பல. அவற்றுள் புகழ்பெற்றது லைட் சசெக்ஸ். உடல் வெள்ளை, வால் கறுப்பு. கழுத்து இறகு ஒன்றைப் பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தால் நடுவில் அடர்ந்த கறுப்பும், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கரையும் தெரியும். அந்தக் கறுப்புத்தான் இங்கே முக்கியம். கறுப்பைக் கழுத்துக்கும் வாலுக்கும் சிறகு நுனிக்கும் ஒதுக்குவது கொலம்பியன் எனப்படும் காரணி. எஞ்சிய உடலின் செம்மஞ்சள் நிறப்பொருளை அழிப்பது 'வெள்ளி' எனப்படும் எதிருரு, அதாவது ஒரு பரம்பரையலகின் மாற்று வடிவங்களுள் ஒன்று. அது கறுப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. வெள்ளிக்குப் பதிலாகப் 'பொன்' எதிருரு இருந்தால் அதே கறுப்புக் கழுத்துடன் மஞ்சட்பழுப்பு உடல் அமையும். அது பஃப் சசெக்ஸ். வெள்ளி எதிருரு எஸ்.எல்.சி.45ஏ2 என்ற பரம்பரையலகில் ஏற்பட்ட மாற்றம் என்று 2007இல் காட்டப்பட்டது.

இந்தப் பரம்பரையலகு பால் நிறமூர்த்தமாகிய இசட்டில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றே. ஆகவே பெட்டையால் எதையும் ஒளிக்க முடியாது: பொன் இருந்தால் பொன்னாகவும் வெள்ளி இருந்தால் வெள்ளியாகவும் தெரியும். சேவல் அப்படியன்று. வெள்ளி ஆட்சியானது என்பதால், ஒரு வெள்ளியும் ஒரு பொன்னும் கொண்ட இதரநுகச் சேவலும் வெள்ளையாகவே தோன்றும். தோளில் வைக்கோல் மஞ்சள் படர்ந்தால் கலப்பு என்பார்கள். வெயிலாலும் மஞ்சள் சோளத் தீனியாலும் அந்தச் சாயல் வரக்கூடும் என்பதால் அதை நான் சான்றாக ஏற்கமாட்டேன்.

பொன் எதிருரு கொண்ட றோட் ஐலன்ட் றெட் சேவலை லைட் சசெக்ஸ் பெட்டையுடன் சேர்க்கும் பழைய கலப்பு இந்த விதியில்தான் நிற்கிறது. வெள்ளியைத் தாங்கிய தாயின் ஒரே இசட் மகனுக்குப் போகும். மகன் வெளிர்மஞ்சள் தூவியுடன் பொரிப்பான். மகளுக்குத் தந்தையின் பொன் மட்டும் கிடைக்கும். அவள் செம்பழுப்பாகப் பொரிப்பாள். முதல் நாளிலேயே சேவல் குஞ்சையும் பெட்டைக் குஞ்சையும் யாரும் பிரிக்கலாம். தீனிச் செலவைக் கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு இது சிறிய உதவியன்று.

ஆனால் லயங்களில் அமையும் சேர்க்கை பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. முட்டைப் பண்ணைகள் கழித்து விற்கும் மண்ணிறப் பெட்டைகள் பொன் நிறத்தவை. அவையே இத்தகைய வெள்ளி–பொன் கலப்பில் பிறந்தவை. அவற்றோடு வெள்ளைச் சேவலை விட்டால், சேவல் வெள்ளிக்குத் தூயதாயின், குஞ்சுகள் எல்லாம் வெளிறியே பொரிக்கும், பால் தெரியாது. "சொன்னது பலிக்கவில்லை" என்று விதியையே கைவிடுவது நியாயமன்று. விதி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது, சேர்க்கைதான் தலைகீழ்.

அதோடு, வெள்ளை என்பது ஒரே பண்பும் அன்று. வெள்ளை லெகோர்னில் உள்ளது ஆட்சியான வெள்ளை. 2004இல் இனங்காணப்பட்ட பி.எம்.இ.எல்.17 பரம்பரையலகின் மாற்றம் அது. அது முக்கியமாகக் கறுப்பைத் தடுக்கிறது. வெள்ளை பிளிமத் றொக்கில் உள்ளது பின்னிடைவான வெள்ளை. அது எல்லா நிறத்தையும் மூடுகிறது. லைட் சசெக்ஸின் வெண்மை இவ்விரண்டும் அன்று. எனவே கழுத்தில் கறுப்பே இல்லாத முழு வெள்ளைச் சேவலை "சசெக்ஸ் வழி" என்று விற்பவரிடம் ஆதாரம் கேட்க வேண்டும்.

நல்லவேளையாக, சோதிக்கும் கருவி லயத்திலேயே இருக்கிறது. மேலே சொன்ன மண்ணிறப் பெட்டைதான் சோதனைக் கலப்புக்கு உகந்த துணை. கறுப்புக் கழுத்துள்ள வெள்ளைச் சேவலை அத்தகைய பெட்டைகளோடு மட்டும் அடைத்து முட்டைகளை அடை வைக்கலாம். ஒரு குஞ்சு செம்பழுப்பாக வந்தாலே சேவல் பொன்னை ஒளித்திருக்கிறது என்பது உறுதி. ஏழு குஞ்சும் வெளிறி வந்தால், அது இதரநுகமாக இருந்தும் தப்பியிருக்கும் வாய்ப்பு 128இல் 1 மட்டுமே. முழு வெள்ளைச் சேவலாயின் வேறு விதமாக வாசிக்க வேண்டும்: பழுப்பு, கறுப்புக் குஞ்சுகள் வந்தால் அதன் வெண்மை பின்னிடைவானது என்று ஊகிக்கலாம்.

காட்டுக்கோழி இரத்தம் என்ற பேச்சுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். சிங்கராஜ வனம் அருகில் இருப்பதால் இந்நம்பிக்கை இங்கே வேரூன்றியதில் வியப்பில்லை. ஆனால் வளர்ப்புக் கோழியின் முதன்மை மூதாதை ஆசியச் செங்காட்டுக்கோழி. பொன் என்பது அதிலிருந்து வந்த மூல எதிருரு. ஆகவே செம்பொன் கழுத்து எந்த வளர்ப்புச் சேவலிலும் வரும். இலங்கை நாட்டுக்கோழிகளின், தாய்வழி கடத்தப்படும் இழைமணி டி.என்.ஏ.யை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு, இலங்கைக் காட்டுக்கோழி அவற்றின் நேரடித் தாய்வழி மூதாதையாக இருப்பது ஐயத்துக்குரியது என்றே காட்டியது. காட்டுச் சேவலின் அடையாளம் சிவந்த கொண்டையின் நடுவிலுள்ள மஞ்சள் திட்டு; கழுத்தின் மினுக்கம் அன்று.

இந்த வாதத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. நிறத்தைத் தீர்மானிப்பவை சில பரம்பரையலகுகளே. அடைகாத்தல், நோய் தாங்குதல், மேய்ந்து பிழைத்தல் ஆகியவற்றைத் தீர்மானிப்பவை பல. சீமை நிறத்துக்காகக் கருஞ்சிவப்பு நாட்டுப் பெட்டையைக் கழிக்கும் வீட்டில், அடுத்த ஈட்டைப் பொரிக்க வைக்க அடைக்கோழி இராது. பண்ணையிலிருந்து வந்த மண்ணிறப் பெட்டையோ அடைகிடப்பது அரிது. ஆகவே சேவல் பகிர்ந்தளிக்கும் எந்தத் திட்டமும் இனப்பெயரோடு நின்றுவிடாமல், சோதனைக் கலப்பில் அச்சேவலுக்குப் பிறந்த குஞ்சுகளின் நிறக் கணக்கையும் சேர்த்துத் தர வேண்டும். முதல் நாளில் பால் பிரிக்க விரும்பும் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டியது கறுப்புக் கழுத்து வெள்ளிப் பெட்டைகளும் ஒரு பொன் சேவலும். அடுத்த தலைமுறையில் பால் பிரிக்கும் பயன் அற்றுப்போகும் என்பதால், அப்பெட்டைகளைப் புதிதாகத் தொடர்ந்து வழங்கும் பொறுப்பையும் திட்டமே ஏற்க வேண்டும். அவற்றின் முட்டைகளை அடை வைக்க ஒரு நாட்டுப் பெட்டை, அதன் நிறம் எதுவானாலும், கூட்டில் இருந்தாக வேண்டும்.