கறுப்புத் திரையின் பூர்வோத்தரம்

தொடர்கதை எழுதுகிறவன் வியாழக்கிழமை இரவில் பரிசோதனைகளில் இறங்கக் கூடாது. இந்தப் புத்திமதியை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

என் மடிக்கணினிக்கு வயதாகிவிட்டது. பழைய இயங்குதளம் அதில் மூச்சு வாங்கியது. "லினக்ஸ் போட்டுக்குங்க மாமா, இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்" என்றான் தங்கை மகன். லினக்ஸ் என்பது ஒன்றல்ல என்று பிறகுதான் தெரிந்தது. கெர்னல் என்ற கரு ஒன்றுதான். அதைச் சுற்றி ஆளுக்கொரு விதமாக வீடு கட்டி, டிஸ்ட்ரோ என்று பெயர் சூட்டி வழங்குகிறார்கள். அவற்றில் புத்தம் புதிய ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கதைகள் இருந்த பகுதியைத் தொடாமல், மற்றதை அழித்து அதை நிறுவினேன். அப்போதே புதுப்பிப்புகளும் கூடவே இறங்கின. மறுபடி தொடங்கியது யந்திரம். சின்னம் தெரிந்தது, வட்டம் சுழன்றது, பிறகு ஒரே இருட்டு.

விசிறி ஓடுகிற சத்தம் கேட்கிறது. பெரிய எழுத்து விசையை அழுத்தினால் அதன் சிறு விளக்கு எரிகிறது. முகம் மட்டும் இல்லை. அந்த இருட்டுக்குள் பதினேழாவது அத்தியாயம் இருந்தது. வேறு பிரதி கிடையாது. பொழுது விடிந்தால் அது பத்திரிகை ஆபீஸுக்குப் போக வேண்டும். பென்டிரைவைத் திரும்பச் செருகி அத்தியாயத்தை எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இப்போது எனக்கும் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"மெஷினுக்கு உசிர் இருக்கு மாமா, கண்ணுதான் தெரியலை" என்றான் மருமகன் தொலைபேசியில். அவன் சொன்னபடி, தொடக்கப் பட்டியலில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று ஆரம்பிக்கும் வரியின் கோடியில் 'நோமோட்செட்' என்று ஒரு வார்த்தை சேர்த்து, எஃப்10-ஐத் தட்டினேன். திரை வந்துவிட்டது! எழுத்துக்கள் யானை யானையாக, பக்கவாட்டில் இழுத்துவிட்டாற்போல் இருந்தன. இருந்தால் என்ன? அத்தியாயம் பத்திரமாக இருந்தது.

படுத்துத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த ஒற்றை வார்த்தை உறுத்தியது. அதன் பூர்வோத்தரத்தைத் தேடப் போய், நாற்பது வருஷ வழக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டேன். வழக்கு இதுதான்: திரைக்கு உத்தரவிடும் அதிகாரம் யாருக்கு?

1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'அதீனா' என்ற திட்டம் நடந்தது. அங்கிருந்த ராபர்ட் ஷைஃப்ளர், ஸ்டான்ஃபோர்டில் பிறந்த 'டபிள்யூ' என்ற ஜன்னல் அமைப்பை எடுத்துத் திருத்தினார். ஆங்கில நெடுங்கணக்கில் டபிள்யூவுக்கு அடுத்தது எக்ஸ். ஆகவே பெயரும் எக்ஸ். 1987 செப்டம்பரில் அதன் பதினோராவது பதிப்பு வந்தது. லினக்ஸ் திரைகளெல்லாம் வெகுகாலம் அந்தப் பதினொன்றின் பிள்ளைகளாகவே இருந்தன.

அது விலை உயர்ந்த யந்திரங்களுக்காகப் பிறந்தது. வீட்டுக் கணினிக்கு அதைக் கொண்டுவந்தவர் தாமஸ் ரோயல். அவர் செய்ததற்கு எக்ஸ்386 என்று பெயர். அது விலைச் சரக்காக மாறியபோது, 1992-இல் நான்கு பேர் சேர்ந்து இலவசமாகவே ஒன்றை நடத்தத் துணிந்தார்கள். 'எக்ஸ் த்ரீ எய்ட்டி சிக்ஸ்' என்பதை 'எக்ஸ் ஃப்ரீ எய்ட்டி சிக்ஸ்' ஆக்கினார்கள். சிலேடையில் நம் புலவர்களுக்கு அவர்கள் இளைத்தவர்கள் அல்லர்.

அந்தக் காலத்தில் ஒரு திரையை எழுப்புவது என்ன பாடு தெரியுமா? கண்ணாடிக் குழாய்த் திரையில் எலெக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக வரி வரியாக ஓடும். ஒரு வரி முடித்த என் கை அடுத்த வரிக்கு இடப்பக்கம் திரும்பச் சிறிது நேரம் பிடிக்கிறதல்லவா? கற்றைக்கும் அப்படியே. ஆகையால் கண்ணுக்குத் தெரிவது 640 புள்ளிகள் என்றாலும் கணக்கில் 800. தெரிவது 480 வரிகள், கணக்கில் 525. விநாடிக்கு 2 கோடியே 51 லட்சத்து 75 ஆயிரம் புள்ளிகள் என்று வைத்து 800-ஆல் வகுத்தால் சுமார் 31,469 வரி. அதை 525-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 60 படம். இந்தக் கணக்கை 'மோட்லைன்' என்ற ஒரு வரியாக, அவரவர் திரைக்குத் தக்கபடி, அவரவரே கோப்பில் எழுத வேண்டும். தப்பான எண் கொடுத்தால் சில பழைய திரைகள் கீச்சிடும். கெட்டே போகலாம் என்று வழிகாட்டி ஏடுகள் எச்சரித்தன. அப்படியும் கையை விசையின் மேல் வைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு சோதித்தார்கள். இதை நான் வீரம் என்றே சொல்வேன்.

திரையாவது பரவாயில்லை. சித்திர அட்டைகளோ வாயே திறக்கவில்லை. டயமண்ட் என்ற கம்பெனி தன் அட்டையின் கடிகார வேகத்தை அமைக்கும் முறையை வெளியிட மறுத்தது. எக்ஸ்ஃப்ரீ86 குழுவினரும் அந்த அட்டைகளை ஒதுக்கி வைத்தார்கள். பிறகு கம்பெனி மனம் மாறியது. காசு கொடுத்து வாங்கிய பொருளோடு பேச வேண்டிய பாஷையை, விற்றவனே பூட்டி வைத்துக்கொள்வது என்ன நியாயம்? லினக்ஸின் தந்தை லைனஸ் டோர்வால்ட்ஸ் 2012-இல் பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகக் கூட்டத்தில் என்விடியாவின் பெயரைச் சொல்லி நடுவிரலை நீட்டினார். மரியாதை இல்லைதான். ஆனால் இருட்டுத் திரையின் முன் உட்கார்ந்தவனுக்கு அந்த விரல் புரியும். 2022-இல் அந்தக் கம்பெனி தன் கெர்னல் பகுதிகளின் மூலத்தைத் திறந்து காட்டியது.

எக்ஸ்ஃப்ரீ86-க்கு வெளியிலிருந்து முடிவு வரவில்லை. 2004-இல் உரிமத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். பெரிய டிஸ்ட்ரோக்கள் ஒவ்வொன்றாக விலகி எக்ஸ்.ஆர்க் பக்கம் போய்விட்டன. கூட்டுக் குடும்பங்கள் உடைகிற விதம் எங்கும் ஒன்றுதான்.

நிற்க. நம் வார்த்தைக்கு வருவோம். அதுவரை சித்திர அட்டையை நேரே தொட்டுத் திருகியது எக்ஸ். எஜமானனான கெர்னலுக்கு உள்ளே நடப்பது சரிவரத் தெரியாது. யந்திரம் சாகும்போது கெர்னல் சொல்லும் கடைசி வார்த்தையும் அந்தச் சித்திரத்தின் பின்னாலேயே மறைந்துபோகும். 2009 மார்ச்சில் வந்த 2.6.29 பதிப்பில், முதலில் இன்டெல் சில்லுகளுக்கு, திரையின் புள்ளிக் கணக்கை அமைக்கும் அதிகாரத்தைக் கெர்னலே எடுத்துக்கொண்டது. 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய 'வேலண்ட்', எக்ஸின் இடத்தையே பிடித்துக்கொள்ள இந்த ஏற்பாடுதான் வழிவிட்டது.

அதிகாரம் கைமாறினால் தவறும் கைமாறும். புதுக் கெர்னலின் ஓட்டுநிரலுக்கும் என் பழைய சில்லுக்கும் ஒத்துப்போகவில்லை; அது திரையை எழுப்பப் போய் அணைத்துவிட்டது. 'நோமோட்செட்' என்றால், "நீ ஒன்றும் செய்யாதே, யந்திரம் விழிக்கும்போது இருந்த சாதாரணத் திரையே போதும்" என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலை மருமகனே நேரில் வந்தான். பழைய கெர்னல் ஒன்றைப் போட்டான். வார்த்தையை எடுத்துவிட்டுத் தொடங்கினோம். 1920-க்கு 1080 புள்ளிகள், பளிச்சென்று. முதல் காரியமாக அத்தியாயத்துக்கு இரண்டு பிரதி எடுக்கச் சொன்னான். எடுத்தேன். பிறகு திறந்து பார்த்தால், கடைசி இரண்டு பக்கம் நான் இன்னும் எழுதவே இல்லை.