மொன்டானா மாட்டுப்பண்ணை முதலாளி கான்ராட் கோர்ஸ்: வாழ்வும் வணிகமும்

கசாப்புக்காரர் ஒருவரின் சரித்திரத்தை ஒரு ஜைனன் எழுதுவதா என்று வீட்டிலேயே கேட்டார்கள். எழுதலாம் என்றே எனக்குப் படுகிறது. ஒரு வியாபாரியின் வாழ்க்கையை இன்னொரு வியாபாரி புரட்டிப் பார்த்தால்தான், பேரேட்டில் எது பதிவாயிற்று, எது பதிவாகாமல் போயிற்று என்பது கண்ணில் படும். நான் பட்டம் பெற்ற சரித்திர ஆசிரியன் அல்லன். கடையை மூடிய பிறகு கிடைத்த நேரத்தில் படித்தவன். அந்த அளவில் அன்பர்கள் இதை ஏற்க வேண்டும்.

அமெரிக்காவின் வடமேற்கில், ராக்கி மலைத்தொடரை ஒட்டி மொன்டானா மாநிலம் இருக்கிறது. அதில் டியர் லாட்ஜ் என்பது மூவாயிரம் பேர் வாழும் சிற்றூர். அந்த ஊரிலிருந்துகொண்டு, ஒரு கோடி ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் மாடு மேய்த்தவர் கான்ராட் கோர்ஸ். 1835ஆம் ஆண்டு ஹோல்ஸ்டைன் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தார். இன்று அது ஜெர்மனி. அன்று டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. பதினைந்து வயதில் கப்பலில் எடுபிடியாகச் சேர்ந்து வீட்டை விட்டுப் போனார். பிறகு அமெரிக்கா வந்து, அயோவாவில் கசாப்பு வேலை பழகி, கலிபோர்னியாவில் தங்கம் தேடி, கையில் காசு தங்காமல் அலைந்தார். 1862இல் மொன்டானாப் பக்கம் வந்ததும் தங்கம் தேடித்தான்.

வந்த இடத்தில் அவர் மண்ணைத் தோண்டவில்லை. பேனக் என்ற சுரங்க முகாமில் ஒரு கசாப்புக்கடையில் மாதம் 25 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே கடைக்காரர் ஊரின் சண்டை ஒன்றில் சிக்கி, உயிர் தப்பினால் போதும் என்று ஓடிவிட, கடை இவர் கைக்கு வந்தது. தங்கம் கிடைத்தவனும் சாப்பிட வேண்டும், கிடைக்காதவனும் சாப்பிட வேண்டும். தோண்டுகிறவனைவிட அவனுக்குப் பண்டம் விற்கிறவன் தேறுவான் என்பது நம் கடைத்தெருவுக்கும் தெரிந்த சங்கதிதானே! முகாமுக்கு முகாம் இறைச்சி போட்டார். தங்கத் தூளாக நிறுத்து வாங்கினார்.

கடைக்கு மாடு வேண்டும். அந்த வட்டாரத்தில் மாடு வைத்திருந்தவர் ஜானி கிராண்ட். அவருடைய யுக்தி கேட்க ருசியானது. ஓரிகன் நோக்கி வண்டி கட்டிப் போகும் குடியேறிகளின் எருதுகள் வழியில் ஓய்ந்துபோகும். அப்படி ஓய்ந்த இரண்டைக் கொடுத்தால் கொழுத்த ஒன்றைத் தருவார். ஓய்ந்தவற்றைப் பள்ளத்தாக்குப் புல்லில் மேயவிட்டுத் தேற்றி, அடுத்த கோடையில் மறுபடி அதே சாலைக்கு ஓட்டி வருவார். அவருடைய பண்ணையை 1866இல் 19,200 டாலருக்குக் கோர்ஸ் வாங்கினார். 1868இல் அயோவா போய் அகஸ்டா என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை மணந்து, மிசௌரி ஆற்றில் நீராவிப் படகேற்றிப் பண்ணைக்கு அழைத்து வந்தார். மாற்றாந்தந்தை வழித் தம்பி ஜான் பீலன்பெர்க் மந்தையைப் பார்த்துக்கொள்ள, அண்ணன் கொள்வினை கொடுப்பினையைக் கவனித்தார்.

ஒரு கோடி ஏக்கர் என்றேனே, அதில் சொந்தம் எவ்வளவு? ஊரையொட்டிய தாய்ப்பண்ணை உச்சநிலையில் ஏறத்தாழ முப்பதாயிரம் ஏக்கர். மற்றதெல்லாம் நம் பாஷையில் புறம்போக்கு. வேலி கிடையாது, மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைத்து அவிழ்த்து விடுவார்கள். இலையுதிர் காலத்தில் விற்கிற மாட்டைப் பிரித்து ரயிலேற்றிச் சிகாகோ சந்தைக்கு அனுப்புவார்கள். வடபசிபிக் ரயில்பாதை 1883இல் முழுமையானது. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் சேர்ந்த விழாவே டியர் லாட்ஜுக்கு அருகில்தான் நடந்தது. கோர்ஸ் ஆண்டுக்கு எட்டாயிரம் முதல் பத்தாயிரம் மாடுகள் வரை அனுப்பிய காலம் உண்டு. அந்தப் புல்வெளி யாருடையது என்று கேட்டால், பூர்வகுடிகளுடையது. அவர்கள் நம்பி வாழ்ந்த காட்டெருமைகளுடையது. எருமைகளைச் சுட்டுத் தீர்த்த இடத்தில்தான் மாடு நுழைந்தது. முதலாளிகளின் புகழ் பாடுகிறவர்கள் இந்த வரவைக் கணக்கில் காட்டுவதில்லை.

குளிர்காலத் தீவனத்துக்கு என்ன ஏற்பாடு? பெரும்பாலோரிடம் ஏற்பாடே இல்லை. புல் தானாகக் காய்ந்து நிற்கும், மாடு பனியை விலக்கித் தின்றுகொள்ளும் என்று சும்மா விட்டுவிட்டார்கள். செலவில்லாத தொழில் என்று கேள்விப்பட்டு ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் முதல் வந்து குவிந்தது.

1886 கோடை வறண்டது. மந்தை மிகுதியால் புல் ஏற்கெனவே கட்டையாகக் கிடந்தது. நவம்பரில் பனி தொடங்கியது. இடையில் சற்று இளகிய பனி மறுபடி உறைந்து, தரை முழுக்கக் கண்ணாடிபோல் பனிக்கட்டி பாளம் கட்டியது. குதிரை குளம்பால் பனியைச் சுரண்டித் தின்னும். காட்டெருமை பெருந்தலையால் பனியை ஒதுக்கும். மாட்டுக்கு மூக்கால் தள்ளத்தான் தெரியும். பாளத்தில் மூக்கும் காலும் கிழிந்து இரத்தம் வழியும். 1887 ஜனவரி, பிப்ரவரியில் அவை கூட்டங்கூட்டமாகச் செத்தன. ஒரு முதலாளி தம் மந்தையின் நிலையைக் கடிதத்தில் கேட்க, மேய்ப்பராயிருந்த சார்லஸ் ரஸ்ஸல் என்ற ஓவியர், பனியில் எலும்பும் தோலுமாக நிற்கும் ஒற்றை மாட்டைச் சிறு அட்டையில் வரைந்தார். அதுவே பதிலாகப் போயிற்று. மாநிலத்தின் மந்தையில் பாதிக்கு மேல் அழிந்தது. கோர்ஸும் கிரான்வில் ஸ்டூவர்ட்டும் பங்காளிகளாயிருந்த பெரும்பண்ணையில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று என்பார்கள்.

எங்கள் சாவகர்களுக்கு, அதாவது இல்லறத்தாருக்கு, உரிய கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து மீறல்களை உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் வகுக்கிறது. உயிர்களைக் கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல் ஆகியவற்றோடு ஐந்தாவதாக நிற்பது, உணவும் நீரும் கிடைக்காமல் செய்தல். கோர்ஸின் தொழிலே கொலைத்தொழில். அதை நான் மெழுகப் போவதில்லை. முதல் விரதத்திலேயே அவர் தேறமாட்டார். ஆனால் கொலையைப் பாவமாக எண்ணாத அந்த ஊராரையும் உலுக்கியது இந்த ஐந்தாவதுதான் என்பது கவனிக்கத்தக்கது. அந்த வசந்தத்தில் பள்ளங்களில் கிடந்த பிணங்களைப் பார்த்த ஸ்டூவர்ட்டுக்கு மாட்டுத்தொழிலே வெறுத்துவிட்டது. தீவனமும் ஒதுங்க இடமும் தர முடியாத பிராணியை இனி உடைமையாக வைத்திருக்க விரும்பவில்லை என்ற கருத்தைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். ஜைன நூல் எதையும் படிக்காமல், நஷ்டக் கணக்கின் அடிவரியில் இருந்து அவர் அங்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

ஸ்டூவர்ட் விலகினார், கோர்ஸ் விலகவில்லை. பியூட் நகர வங்கிக்காரர் ஏ. ஜே. டேவிஸ் அவருக்கு ஒரு லட்சம் டாலர் கடன் கொடுத்தார். ஈடு இல்லை, அடமானம் இல்லை. வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இதன் கனம் விளங்கும். மந்தை முழுகிய மனிதனுக்கு, முழுகிய அந்த ஆண்டிலேயே, வாய்வார்த்தையை நம்பிக் கொடுத்த தொகை அது. டேவிஸ் ஏமாளி அல்லர். கோர்ஸிடம் சுரங்கப் பங்குகள் இருந்தன, சுரங்கங்களுக்குத் தண்ணீர் விற்கும் கால்வாய் இருந்தது, கால் நூற்றாண்டு வாக்குத் தவறாத பெயரும் இருந்தது. நான்கே ஆண்டில் முழுக்கடனும் தீர்ந்தது. மனிதருக்குக் கொடுத்த வாக்கில் இத்தனை கறாராக இருந்தவர், 1886 வரையில் புறம்போக்கில் விட்ட மாட்டின் பசிக்கு இயற்கையையே பிணையாக்கி இருந்தார் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதன்பின் தொழில் மாறியது. வேலி வந்தது, பாசன நிலத்தில் புல் அறுத்துக் காயவைத்துப் போர் போடுவது பெருகியது. நம்மூர் வைக்கோல் என்று எண்ணிவிடக் கூடாது, இது பச்சையில் அறுத்து உலர்த்திய புல். சத்து மிகுதி, கூலியும் மிகுதி. செலவில்லாத தொழில் என்ற பேச்சு அத்தோடு ஓய்ந்தது.

மற்றவை சுருக்கமாக. 1889இல் மொன்டானா மாநிலமானபோது அரசியல் சட்டம் வகுத்த சபையில் கோர்ஸ் உறுப்பினர். ஒரே மகன் வில்லியம் 1901இல் கல்லூரியில் படிக்கும்போதே இறந்தான். அவன் பெயரில் டியர் லாட்ஜில் ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார்கள். 1909இல் புதிய சட்டம் குடியேறிகளுக்குத் தலைக்கு 320 ஏக்கர் தந்ததும் புறம்போக்கு மேய்ச்சல் சுருங்கிற்று; கோர்ஸ் மந்தைகளையும் நிலத்தையும் படிப்படியாக விற்றார். 1920இல் ஹெலினா நகரில் காலமானார். அகஸ்டா 1945 வரை வாழ்ந்தார். மிஞ்சிய பண்ணையைப் பேரன் கான்ராட் வாரன் நடத்தினார். 1972 முதல் அது அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் வரலாற்றுச் சின்னம். பண்ணை இன்றும் நடக்கிறது. மந்தை இருக்கிறது, கோடைதோறும் குளிர்காலத்துக்கான புல்லை அறுத்துச் சேர்க்கிறார்கள்.