மூன்றாமவர் நிற்கும் இடம்: குடும்ப சிகிச்சையில் ‘உறவு முக்கோணம்’ என்னும் கருத்தின் வளர்ச்சி

முன்னுரை

கணவன் மனைவிக்கு இடையே மனத்தாங்கல். அதைத் தீர்க்க வழியில்லாத தாய் மகனிடம் சொல்லி ஆறுகிறாள். மகன் தந்தையிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்துகிறான். சில மாதங்களில் வீட்டின் பேச்சு முழுவதும் மகனின் படிப்பு, மகனின் கோபம் என்றாகிவிடுகிறது; முதல் மனத்தாங்கலை யாரும் நினைப்பதுகூட இல்லை. இருவரிடையே தாங்க முடியாமல் போன பதற்றம் மூன்றாமவரை இழுத்துக்கொண்டு தணியும் இந்த அமைப்பையே குடும்ப சிகிச்சையாளர்கள் உறவு முக்கோணம் என்கின்றனர். குடும்பத்தைப் பற்றிய கோட்பாடாக 1950களில் தொடங்கிய இக்கருத்து, சிகிச்சையாளர் தம்மையே கண்காணித்துக்கொள்ளும் ஒழுங்காக முதிர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தாயிடமிருந்து குடும்பத்துக்கு

மூவர் உறவின் தனித்தன்மையை முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மெல். 1908இல் வெளிவந்த நூலில், இருவரிடையே வரும் மூன்றாமவர் நடுவராகலாம், அவர்கள் சண்டையில் ஆதாயம் காணலாம், ஆதாயத்துக்காகவே சண்டையை மூட்டவும் செய்யலாம் என்று அவர் காட்டினார். ஆனால் மனநல மருத்துவம் நெடுங்காலம் இருவரையே பார்த்தது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு வகையைக் குறிப்பிட்டார். பழி முழுவதும் தாயின் தலையில் விழுந்தது.

மனநல மருத்துவர் மர்ரே போவனும் அங்கிருந்தே தொடங்கினார். கான்சாஸ் மாநிலத்து மெனிங்கர் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1954இல் வாஷிங்டனை அடுத்த பெதஸ்தாவில் உள்ள தேசிய மனநல நிறுவனத்துக்கு வந்தார். மனச்சிதைவுக்கு ஆளான பெண்களைத் தாய்மாருடன் ஒரே வார்டில் தங்கவைத்து ஆராய்ந்தார். தாய்-மகள் பிணைப்பு தனித்து நிற்கவில்லை என்பது விரைவில் புலப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே தந்தையரும் உடன்பிறந்தோரும் வார்டுக்கு வந்தனர். பெற்றோர் ஒருவர்மீது ஒருவர் நாட்டம் கொண்டு நெருங்கியபோது நோயாளியின் நிலை தேறியது; அவர்களில் ஒருவர் துணையைவிட நோயாளியிடம் அதிகமாக ஒட்டிக்கொண்டபோது நிலை மோசமானது. முக்கோணக் கோட்பாட்டின் விதை இந்த அவதானிப்பில் இருக்கிறது.

அதே காலத்தில் வேறிடங்களிலும் பார்வை மாறிக்கொண்டிருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் தியோடர் லிட்ஸ் 1957இல், நோயாளியின் பெற்றோரிடையே நிலவும் பிளவையும் சமனின்மையையும் விவரித்தார். ஒன்றுக்கொன்று முரணான செய்திகளிடையே பிள்ளை தப்ப வழியின்றிச் சிக்குவதைப் பற்றிக் கலிஃபோர்னியாவில் கிரிகரி பேட்சன் குழுவினர் முன்வைத்த இரட்டைக் கட்டுக் கோட்பாட்டை, ஜான் வீக்லண்ட் 1960இல் மூவர் உறவுக்கு விரித்தார்.

போவனின் கோட்பாடு

1959இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு மாறிய போவன், 1966இல் வெளியிட்ட கட்டுரையில் தம் கோட்பாட்டை ஒழுங்குபடுத்தினார். இருவர் உறவு அமைதிக் காலத்தில்தான் நிலையாக இருக்கும். பதற்றம் கூடினால் மூன்றாமவர் உள்ளே இழுக்கப்படுவார். மூவராலும் தாங்க முடியாதபோது பதற்றம் பக்கத்து முக்கோணங்களுக்குப் பரவும். அமைதியான வேளையில் வெளியே நிற்பவர் உள்ளே வர ஏங்குவார். நெருக்கடியில் வெளி இடமே எல்லாருக்கும் வேண்டியதாகிவிடும்.

இதிலிருந்தே அவரது சிகிச்சை முறை பிறந்தது. மோதும் இருவரோடும் தொடர்பு அறாமல், எவர் பக்கமும் சாயாமல் ஒரு மூன்றாமவர் நிற்க முடிந்தால், இருவரும் தங்கள் சிக்கலைத் தாங்களே தீர்க்கத் தொடங்குவர் என்றார். தம்பதியை ஒருவரோடொருவர் வாதிட விடாமல், ஒவ்வொருவரும் தம்மிடம் நிதானமாகப் பேச, மற்றவர் கேட்குமாறு அமர்வை அமைத்தார்.

1967இல் ஃபிலடெல்ஃபியா மாநாட்டில் அவர் கோட்பாட்டு உரைக்குப் பதிலாகத் தம் குடும்பத்தில் செய்த முயற்சியையே எடுத்துரைத்தார். ஒருவரைப் பற்றி மற்றவர் தம்மிடம் சொன்ன புறம்பேச்சை உரியவருக்கே கடிதத்தில் எழுதிவிட்டு, பின்னர் ஊருக்குச் சென்று, யார் பக்கமும் சேராமல் எல்லாரோடும் பேசியதே அம்முயற்சி. 1972இல் அது ஆசிரியர் பெயரின்றி அச்சானது. சிகிச்சையாளர் முதலில் தம் சொந்த முக்கோணங்களை அறிய வேண்டும் என்ற பயிற்சி மரபு இதன்பின் வலுப்பெற்றது.

கூட்டணியும் நடுநிலையும்

குடும்ப சிகிச்சையாளர் ஜே ஹேலி 1967இல் வேறொரு கூறை முன்னிறுத்தினார்: தலைமுறை தாண்டிய கூட்டணி. பெற்றோரில் ஒருவர் பிள்ளையோடு சேர்ந்து மற்றவருக்கு எதிராக நிற்பார். அப்படியொரு கூட்டணி உண்டு என்பதை இருவருமே மறுப்பர். இந்த மறுப்பே அதை நோய்த்தன்மை உடையதாக்குகிறது என்பது அவர் வாதம்.

ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் வழிகாட்டு மையத்தை நடத்திய சால்வடார் மினூச்சின், 1974இல் வெளியிட்ட நூலில் இறுகிப்போன மூவர் அமைப்புகளைப் பிரித்துக் காட்டினார்: பிள்ளையைப் பெற்றோர் இருவரும் தத்தம் பக்கம் இழுப்பது, தங்கள் சண்டையைப் பிள்ளையைப் பற்றிய கவலையாகவோ கண்டிப்பாகவோ திருப்பிவிடுவது, ஒருவர் பிள்ளையோடு நிலையாகக் கூட்டுச் சேர்வது. போவன் விலகி நின்றார் என்றால், மினூச்சின் உள்ளே புகுந்தார். இருக்கைகளை மாற்றினார், பூட்டிக்கிடக்கும் சமநிலையைக் குலைக்க வேண்டுமென்றே சிறிது நேரம் ஒருவர் பக்கம் சாய்ந்தார்.

அவரது குழு 1978இல் வெளியிட்ட ஆய்வு, நீரிழிவுள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் மன அழுத்தத்தைக் காட்டும் கொழுப்பு அமில அளவைப் பின்தொடர்ந்தது. பெற்றோரின் வாக்குவாதத்தில் பிள்ளை இழுக்கப்பட்டபோது பிள்ளையின் இரத்தத்தில் அந்த அளவு உயர்ந்தது. பெற்றோரின் அளவு தணிந்தது. முக்கோணத்துக்கு உடலில் சான்று கிடைத்ததாகவே இது கொண்டாடப்பட்டது. 1988இல் ஜேம்ஸ் காயினும் பார்பரா ஆண்டர்சனும் அந்தச் சான்றின் பலவீனத்தைச் சுட்டி, நோயின் பழி குடும்பத்தின்மீது சுமத்தப்படுவதாக விமரிசித்தனர்.

இத்தாலியின் மிலானில் மாரா செல்வினி பலாசோலியும் தோழர்களும் 1980இல் நடுநிலையைத் தெளிவாக வரையறுத்தனர். அமர்வு முடிந்தபின், சிகிச்சையாளர் யார் பக்கம் என்று கேட்டால் குடும்பத்தார் விடை சொல்ல முடியாமல் திகைக்க வேண்டும். இருவரின் உறவைப் பற்றி, அவர்கள் எதிரிலேயே மூன்றாமவரிடம் கேட்பது அவர்களின் முதன்மை உத்தி. முதுகுக்குப் பின் பேசப்பட்டது இப்படி முகத்துக்கு முன் வந்தது.

திருத்தங்கள்

பெண்ணியத் திறனாய்வு இக்கோட்பாட்டின் குருட்டுப் புள்ளியைக் காட்டியது. ரேச்சல் ஹேர்-மஸ்டின் 1978இலும், பெட்டி கார்ட்டர் உள்ளிட்ட நால்வர் 1988இலும், குடும்பத்தில் ஆணும் பெண்ணும் சம பலத்தோடு நிற்கவில்லை என்று வாதிட்டனர். முக்கோணத்தின் முனைகள் சமமில்லாதபோது பக்கம் சாயாமை வலியவருக்கே துணைபோகும்.

மறுபுறம், லோசான் நகரில் எலிசபெத் ஃபிவாஸ்-டெப்பர்சிங்கும் ஆன்டுவானெட் கோர்போஸ்-வார்னெரியும் தாய், தந்தை, கைக்குழந்தை மூவரும் சேர்ந்து விளையாடுவதைப் பதிவுசெய்து ஆராய்ந்தனர். 1999இல் வெளிவந்த அவர்களின் நூல், சில மாதக் குழந்தையே தாயிடமும் தந்தையிடமும் மாறி மாறிக் கவனம் செலுத்துவதைக் காட்டியது. மூவர் உறவு இயல்பானது. அது இறுகிப்போவதே சிக்கல்.

இவற்றுக்கிடையே 1996இல் பிலிப் கெரின், தாமஸ் ஃபோகர்ட்டி, லியோ ஃபே, ஜூடித் கில்பர்ட் காட்டோ ஆகியோர் முக்கோணங்களோடு பணியாற்றுவதற்கான நூலை வெளியிட்டனர். இம்மரபில் மாமியார்-மருமகள் பூசல் இரு பெண்களின் குணக்கோளாறாகக் கருதப்படுவதில்லை. தாயிடம் நேரே பேசத் தயங்கும் மகன் ஒதுங்கி நிற்பதால், அவன் பேச வேண்டியதை மனைவி சண்டையாகப் பேசுகிறாள். எனவே சிகிச்சை அந்த மகனை நோக்கித் திரும்புகிறது.

முடிவுரை

மனச்சிதைவு குடும்பத்தால் விளைகிறது என்ற தொடக்ககால நம்பிக்கை இன்று நிலைக்கவில்லை. இரத்தப் பரிசோதனைச் சான்றும் ஐயத்துக்கு உள்ளானது. காரணம் கூறும் கோட்பாடாக முக்கோணம் பலமிழந்தது. வழிகாட்டும் கருவியாக நிலைத்தது. அக்கருவி உதவி செய்ய வருபவரிடம் ‘யார் குற்றவாளி’ என்று கேட்பதில்லை. ‘உன்னை யார், எந்தப் பக்கம் இழுக்கிறார்கள்’ என்று கேட்கிறது. வன்முறை உள்ள வீட்டில் பாதுகாப்பே முதற்கடமை. அங்கே நடுநிலை தவறு. மற்ற இடங்களில், ஆலோசகரும் ஆசிரியரும் சமரசம் பேசப் போகும் உறவினரும் தீர்ப்புச் சொல்லும் முன் இக்கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நலம்.