பிராக்கும் குழப்படியும்

எங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் யாழ்ப்பாணத்து உரும்பிராயில், வகுப்பில் கவனம் நிற்காத, அடங்கி இராத பிள்ளைகளுக்கு இரண்டு சொற்கள் இருந்தன. வாத்தியார் படிப்பிக்கும்போது யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பவன் பிராக்குப் பார்க்கிறவன். கைகால் சும்மா இராதவன் குழப்படிக்காரன். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பூவரசங் கம்பு.

1995 ஒக்டோபர் 30இல் போருக்குப் பயந்து வலிகாமமே நாவற்குழிப் பாலம் கடந்து இடம்பெயர்ந்து போனது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது என் வாங்கில் ஒருவன் இருந்தான். பென்சிலைக் கடித்துக் கடித்தே தும்பாக்கிவிடுவான். கணக்கைப் பாதியில் விட்டுவிடுவான். பலாலி வீதியில் ட்ரக் ஒன்று பிரேக் போட்டால் எங்களுக்குக் கேட்க முதலே அவன் தலை திரும்பியிருக்கும். நிறைய அடி வாங்கினான். என்னடா நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிராக்கும் குழப்படியுமாய் இருக்கும் பிள்ளைகளுக்கு மருத்துவம் ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க இருநூறு ஆண்டுகள் சென்றன. 1775இல் ஜெர்மன் மருத்துவர் வைகார்ட் கவனக் குறைவைப் பற்றி எழுதினார். 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் இப்படியான 43 பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். அவர்களில் பலருக்கு அறிவு குறைவில்லை என்று கண்டவர், ஒழுக்கக் கட்டுப்பாட்டில்தான் குறை என்றார். பூவரசங் கம்பு எடுத்த எங்கள் வாத்தியாரும் அப்படித்தான் நினைத்தார். 1937இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் பிராட்லி, மூளைப் பரிசோதனையால் வந்த தலையிடிக்குப் பென்சட்ரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலையிடி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் 30 பிள்ளைகளில் பாதிப் பேர் அமைதியாக இருந்து படித்தார்கள். பிள்ளைகளே அதைக் கணக்குக் குளிசை என்றார்கள்.

1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில்தான் கவனக் குறைபாடு என்ற பெயர் ஏறியது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்ற பெயரும் முதன்முதலாக அதே பதிப்பில்தான் வந்தது. இரண்டும் ஒரே புத்தகத்தில் பிறந்த சகோதரங்கள். 1987இல் முதலாவது பெயருடன் மிகையியக்கமும் சேர்ந்து இன்றைய ஏடிஎச்டி ஆனது. அதே ஆண்டு ஒக்டோபரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்குள் முன்னேறியபோது உரும்பிராயில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள்.

மனவடுதான் ஏடிஎச்டிக்கு வேரா? 1999இல் கனடிய மருத்துவர் காபோர் மாட்டே ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, நானும் முழுதாக ஏற்கவில்லை. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி இதன் முக்கால் பங்கு பரம்பரை வழி வருவது. குறைமாதப் பிறப்பும் எடை குறைந்த பிறப்பும் ஆபத்தைக் கூட்டும். வளர்ப்புப் பிழை என்று தாயைக் குற்றம் சொல்வது அநியாயம். ஆனாலும் ருமேனிய அநாதை இல்லங்களில் ஆறு மாதத்துக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்து, பிறகு இங்கிலாந்தில் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகள் பலரிடம் இதே கவனக் குறைவும் துடிப்பும் ஆண்டுக்கணக்கில் நின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. குழப்படிப் பிள்ளைக்கு அடி கூடுதலாக விழும். அடியால் குழப்படி வந்ததா, குழப்படியால் அடி வந்ததா என்று பிறகு பிரித்தறிவது கடினம்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய 30 வீதமானோருக்கு மனவடு நோய் இருந்தது. போர், கடல் இரண்டோடு வீட்டில் விழுந்த அடியும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தது. இந்த நோயிலும் கவனம் நிற்காது, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு திடுக்கிடும். முன்னால் நின்று பார்க்கிற வாத்தியாருக்கு அதுவும் பிராக்குத்தான். ஆனால் பிராக்குப் பார்ப்பவனின் கவனம் அலைகிறது. பயந்த பிள்ளையின் கவனம் வாசலிலேயே காவல் நிற்கிறது.

ஆகவே மருத்துவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்ப தொடங்கினது என்பதுதான். ஏடிஎச்டி என்றால் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கையேடு. எங்கள் ஊரில் வயதை வைத்து மட்டும் கேட்டால் போதாது. இடப்பெயர்வுக்கு முன்னமா பின்னமா என்றும் கேட்க வேண்டும்.

கனகாலம் கழித்து அவனுடைய தாயிடம் நான் அதைக் கேட்டேன். வெங்காயம் தெரிந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"இடம்பெயர முதல் ஒரே இருப்பில இருந்து படம் கீறுவான், தம்பி. சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்ப மாட்டான்."