ஏவலுரையின் வரலாறு

கணிப்பொறியிடம் மக்கள் மொழியிலேயே பணி ஏவும் வழக்கம் இந்நாளில் பெருகியுள்ளது. அவ்வாறு ஏவும் உரையைப் பலரும் ‘பிராம்ட்’ என்பர். வினாவை அறுவகையாகப் பகுத்த நன்னூலார் ஏவலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தமை கருதி, யாம் அதனை ஏவலுரை என வழங்குவோம். ஏவலுரை தெளிவும் வரையறையும் உடையதாதல் வேண்டும் என்பது இன்று பலரும் கூறும் விதி. அவ்விதி புதிதாகத் தோன்றியதா, பழைய தேவை ஒன்று இடம் பெயர்ந்ததா என்பதே ஈண்டு ஆராய்தற்குரியது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ஜோசப் வைசன்பாம் 1966ஆம் ஆண்டில் ‘எலிசா’ என்னும் நிரலைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அந்நிரல் பேசுவோர் தொடரில் சில சொற்களைத் தேடிக் கண்டு, முன்னரே அமைத்த வாய்பாட்டின்படி அத்தொடரை மாற்றி மறுமொழியாகத் தரும். ஆதலின் ஒருவர் எத்துணைத் தெளிவாகக் கேட்பினும் மறுமொழி அவ்வாய்பாட்டைக் கடந்து செல்லாது.

அதே கழகத்தில் டெர்ரி வினோகிராட் 1968 முதல் 1970 வரை உருவாக்கிய ‘ஷ்ருட்லு’ வேறு தன்மைத்து. மேசைமேல் உள்ள கட்டைகள், கூம்புகள், ஒரு பெட்டி ஆகியவையே அதன் உலகம். கூம்பு பல இருக்க, எதுவெனச் சுட்டாது ஒன்றை எடுக்குமாறு ஏவின், எக்கூம்பு என விளங்கவில்லை என்று அது கூறும். தெளிவின்மையை அது கண்டுகொள்ள இயன்றது, அதன் உலகின் எல்லையை ஆக்கியோனே வகுத்து வைத்தமையால் என்க.

இற்றை நாளைய மொழி மாதிரிகளுக்கு அவ்வெல்லை இல்லை. அவை மிகப் பெருந் தொகையான எழுத்துகளிற் பயின்று, வந்த சொற்களின் பின் வரத்தக்க சொல்லைக் கணிப்பன. 2019இல் வெளிவந்த ஜிபிடி-2 மாதிரிக்கு, கட்டுரையின் இறுதியில் சுருக்கத்தைக் குறிக்கும் சில எழுத்துகளைச் சேர்த்தபோது, அது சுருக்கம் எழுத முற்பட்டது. 17,500 கோடி அளவுருக்களை உடைய ஜிபிடி-3 மாதிரியோ, சில எடுத்துக்காட்டுகளை முன்வைத்த அளவிலேயே பல பணிகளை ஆற்றியதாக 2020ஆம் ஆண்டு ஆய்வுரை காட்டிற்று. 2022இல் கோஜிமா முதலியோர், படிப்படியாக எண்ணுமாறு ஏவும் ஒரு சிறு தொடரைச் சேர்த்தமையால், ஒரு கணக்குத் தொகுதியில் சரியான விடைகள் நூற்றுக்கு 17.7இலிருந்து 78.7 ஆக உயர்ந்தமையைக் கண்டனர்.

இவற்றால் பெறப்படுவது யாது? முன்னர் ஆக்கியோன் வகுத்த எல்லையை இப்போது ஏவுவோனே வகுக்க வேண்டியுள்ளது. தேவை பழையது, பொறுப்பே கைமாறியது.

மாதிரிகள் வளர வளர இப்பொறுப்பு நீங்கும் என்பாரும் உளர். 2022இல் மனிதர் மதிப்பீட்டைக் கொண்டு பயிற்றிய 130 கோடி அளவுருக்களையுடைய இன்ஸ்ட்ரக்ட்ஜிபிடியின் விடைகளை, நூறு மடங்கினும் மிக்க அளவுடைய ஜிபிடி-3இன் விடைகளைக் காட்டிலும் மதிப்பீட்டாளர் விரும்பினர் என்பது உண்மையே. எனினும் அப்பயிற்சி ஏவியதைச் செய்யும் திறனை வளர்த்ததே அன்றி, ஏவுவோன் சொல்லாது விட்டதை அறியும் வழியைத் தந்திலது.

தமிழாய்வாளர்க்கு இதனால் ஒரு கடமை உண்டு. ‘புறநானூற்றுப் பதிப்பைப் பற்றி எழுதுக’ என ஏவின் எதுவும் விடையாகலாம். உ. வே. சாமிநாதையரின் 1894ஆம் ஆண்டுப் பதிப்பின் முகவுரையையே முன்வைத்து, ‘ஏட்டுச் சுவடிகளைப் பற்றி இதில் உள்ளவற்றை மட்டும் பத்து வரியில் தொகுக்க, இதில் இல்லாததை இல்லையெனக் கூறுக’ என ஏவின், மூலம், பொருள், அளவு, விலக்கு ஆகிய நான்கும் வரையறை பெறும். அதன்பின்னும் பொறி இல்லாத செய்தியை உள்ளதுபோல் எழுதுதல் கூடும். ஆயினும் மூலம் நம் கையில் இருத்தலின், வரிக்கு வரி ஒப்பிட்டுக் காணலாம். தெளிந்த ஏவலுரை விடையின் உண்மைக்குப் பிணையாகாது. அவ்வுண்மையைச் சோதித்தற்கு வழி செய்யும். அச்சோதனை என்றும் ஆய்வாளன் பணியே ஆகும்.