இணைய அங்காடிக் கூடையும் படிவ உள்ளீடும்: ஒரு வரலாற்று நோக்கு

பண்டத்தைத் தெரிபவர் வாடிக்கையாளர்; விலையைக் கூறுபவர் கடைக்காரர். பேரம் பேசப்படும் சந்தையிலுங்கூட முதல் விலை கடைக்காரரின் வாயிலிருந்தே பிறக்கும். இணையவழி வணிகத்தின் தொடக்க ஆண்டுகளில் இவ்வொழுங்கு, எவரும் கருதாத வகையில், பலவிடத்துத் தலைகீழாயிற்று.

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்து மீக்கணினிப் பயன்பாட்டு மையத்தில் 'பொது நுழைவாயில் இடைமுகம்' என்னும் முறை உருவாயிற்று. இதன்வழி, படிவமொன்றில் பயனர் எழுதியவற்றை வழங்கிக் கணினி ஒரு நிரலிடம் ஒப்படைத்து, அந்நிரல் ஆக்கும் பக்கத்தை மறுமொழியாக அனுப்பலாயிற்று. லாறி வோல் 1987இல் வெளியிட்ட பேர்ள் மொழியே இத்தகைய நிரல்களுக்குப் பெரிதும் பயன்பட்டது.

ஆயின் இணைய நெறிமுறைக்கு நினைவாற்றல் இல்லை; ஒவ்வொரு வேண்டுகோளும் தனித்ததே. முந்திய பக்கத்தில் தெரிந்த பண்டத்தை அடுத்த பக்கம் அறியாதெனின் கூடை எவ்வாறு நிரம்பும்? இதற்கு விடையாக 1994இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மொன்ருல்லி 'குக்கி' என்னும் சிறு குறிப்பை வகுத்தார். முற்றுப்பெறாத கொள்வனவுகளைத் தன் வழங்கியில் வைத்திருக்க விரும்பாத ஒரு வணிக நிறுவனத்தின் தேவையே அதற்குத் தூண்டுதலாயிற்று. மற்றொரு வழி இதனினும் எளியது. பண்டத்தின் பெயர், எண்ணிக்கை, விலை ஆகியவற்றைப் படிவத்தின் மறைபுலங்களில் எழுதிவிடின், அவை பக்கந்தோறும் தாமே சென்று திரும்பும்.

'மறைபுலம்' என்ற பெயரே மயக்கந் தருவது. அது திரைக்கு மறைவேயன்றி ஆளுக்கு மறைவன்று. பக்கத்தைத் தம் கணினியிற் சேமித்து, விலையை மாற்றி, மீள அனுப்புவதற்குப் பெருந்திறமை வேண்டியதில்லை. தாட்படிவத்தில் அச்சிட்ட விலையை ஒருவர் திருத்தினால் எழுதுவினைஞரின் கண்ணுக்கு அத்திருத்தம் புலப்படும். நிரலுக்கோ பெயரும் பெறுமதியும் மட்டுமே வந்து சேர்கின்றன; அச்சிட்டது எது, எழுதியது எது என்ற வேறுபாடு வழியிலேயே அழிந்துவிடுகின்றது. நிரலாளரை ஏமாற்றியது அறியாமை என்பதினும் இத் தாட்படிவ உவமையே எனல் பொருந்தும்.

2000 பெப்ரவரியில் ஐ.எஸ்.எஸ். என்னும் பாதுகாப்பு நிறுவனம் பதினொரு கூடை நிரல்களில் இக்குறைபாடு உண்டென அறிவித்தது. படிவம் எப்பக்கத்திலிருந்து வந்தது எனச் சில நிரல்கள் சோதித்தனவாயினும், அத்தகவலையும் வாடிக்கையாளரின் கணினியே அனுப்புவதால் அச்சோதனை பயன்படவில்லை. பண்ட எண்ணையும் எண்ணிக்கையையும் மட்டும் படிவத்திற் பெற்று, விலையை வழங்கியின் தரவுத்தளத்தில் தேடிக்கொள்வதே தக்க வழி. எண்ணிக்கையையும் நம்பலாகாது: மறை எண் ஒன்று இடப்படின் மொத்தத் தொகை குறைந்துவிடும்.

றஸ்மஸ் லேர்டோவ் 1995இல் வெளியிட்ட பி.எச்.பி. இவ்வரலாற்றின் மற்றொரு கட்டம். படிவத்தில் வரும் ஒவ்வொரு பெயரும் நிரலின் மாறியாகத் தானே உருப்பெறும் வசதி அதில் இருந்தது. கழிவுத் தொகைக்குரிய மாறிக்குத் தொடக்கப் பெறுமதியிட நிரலாளர் மறப்பின், அதனை வாடிக்கையாளரே இட்டுவிடலாம்! 2002இல் வெளியான 4.2.0 பதிப்பில் இவ்வசதி இயல்பாக இயங்காதவாறு நிறுத்தப்பட்டது. எனினும் பழைய நிரல்கள் பல அதனையே நம்பியிருந்தமையால், அது முற்றாக நீக்கப்படுவதற்கு 2012இல் வந்த 5.4 பதிப்புவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.