பூக்கட்டிப் பார்ப்பதும் குடவோலையும்

எங்க வத்திராயிருப்பு பக்கம் ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமோ, நிலம் வாங்குறதோ, பெரியவங்க கூடிக் கூடிப் பேசியும் முடிவுக்கு வரலைன்னா, கடைசியில ஒருத்தர் சொல்வார்: "எதுக்குப்பா வீண் பேச்சு, பூக்கட்டிப் பாத்துருவோம்." வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சாமி முன்னாடி வச்சு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வாங்க. நினைச்ச பூ வந்தா உத்தரவு. வரலைன்னா பேச்சு அதோட முடிஞ்சது. அப்புறம் தாய்மாமனே வந்தாலும் அப்பீல் கிடையாது :-)

படிச்ச நமக்கு இது சிரிப்பா இருக்கும். "50-50 சான்ஸ், இதுல சாமி எங்க வந்தாரு?"ன்னு கேட்போம். ஆனா இதோட வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினா சுவாரசியமான சங்கதி கிடைக்குது.

முதல்ல பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் கதை. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பெருமாளுக்குக் கட்டின மாலையை ஆண்டாள் சூடிப் பார்க்கிறாள். பெரியாழ்வாருக்கு அது அபசாரம். புதுசா மாலை கட்டிப் போடுகிறார். அன்னிக்கு ராத்திரி கனவில் பெருமாள் வந்து, அவள் சூடின மாலைதான் வேணும்கிறார். சாஸ்திரம், ஊர் வழக்கம், வளர்த்த அப்பா எல்லாரும் ஒரு பக்கம். சாமி இன்னொரு பக்கம். இன்னிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து திருப்பதிக்கு பிரம்மோத்சவத்துக்கு மாலை போகுதே, அதுக்குப் பின்னாடி இருக்கிறது இந்தக் கதைதான்.

சரி, கனவுன்னா ஒருத்தருக்குத்தான் வரும். ஊருக்கே ஒரு முடிவு எடுக்கணும்னா? நாளைக்கு யார் வேணாலும் "என் கனவுல சாமி வந்தாரு"ன்னு கிளம்பிடலாமே!

இங்கதான் உத்திரமேரூர் வருது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கு. குடவோலைன்னு பள்ளிக்கூடத்துல ரெண்டு மார்க் கேள்விக்குப் படிச்சதோட விட்டிருப்போம். ஊரை 30 குடும்பா (வார்டுன்னு வச்சுக்குங்க) பிரிச்சு, தகுதியானவங்க பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடணும். கோயில் நம்பிமார் எல்லாரும் சபை நடுவுல உட்காரணும். அவங்கள்ல வயசானவர் குடத்தை எல்லாரும் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடிக்கணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன் ஓலையை எடுத்துக் கொடுக்கணும். அதை வாங்குற மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். அவர் படிச்ச பிறகு, நம்பிமாரும் ஒவ்வொருத்தரா வாங்கிப் படிக்கணும்.

அந்த அஞ்சு விரலைக் கவனிச்சீங்களா? விரல் இடுக்குல வேற ஓலையை ஒளிச்சு வச்சு மாத்திடக் கூடாது இல்லையா! கோயில்ல, நம்பிமார் முன்னாடி நடந்தாலும் கையை விரிச்சுக் காட்டியே ஆகணும்.

அதைவிட முக்கியம், பேரைக் குடத்துல போடுறதுக்கு முன்னாடி நடக்கிற வடிகட்டல். கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம், சொந்த மனையில வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேணும். கடந்த 3 வருஷத்துல வாரியத்துல இருந்திருக்கக் கூடாது. முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவன் பேரைப் போடக் கூடாது. அவனோட சொந்தக்காரங்க பேரும் கூடாது! 919-ல போட்ட விதியில வயசு 30 முதல் 60. ரெண்டே வருஷத்துல, 921-ல, அதை 35 முதல் 70ன்னு திருத்தியிருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா, வெர்ஷன் 1-ல இருந்த பக்ஸை ஃபிக்ஸ் பண்ணி வெர்ஷன் 2 ரிலீஸ் பண்ணிட்டாங்க.

இதைப் பொற்காலம்னு புல்லரிக்கவும் வேண்டாம். அது பிராமணர்களின் ஊர், நிலம் உள்ளவங்க சபை. மத்தவங்க பேர் குடத்துப் பக்கமே போயிருக்காது. சாமியே ஆளைத் தேர்ந்தெடுத்தார்னு கல்வெட்டு சொல்றதா நான் திரிக்கவும் இல்லை. ஆனா முறையைப் பாருங்க. மனுஷ அறிவு பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடிச்சிடுது. கடைசி ஒரே ஒரு படியை மட்டும் மனுஷன் கையில இருந்து பிடுங்கி ஒரு குழந்தை கையில கொடுக்கிறாங்க.

சபரிமலை மேல்சாந்தி தேர்வும் அப்படித்தான். நேர்முகத் தேர்வெல்லாம் வச்சு வடிகட்டின பிறகு, சன்னிதி முன்னாடி குழந்தை சீட்டு எடுக்கும். எகிப்துல 2012 நவம்பர் 4 அன்னிக்கு காப்டிக் கிறிஸ்தவர்கள் தங்கள் போப்பைத் தேர்ந்தெடுத்தாங்க. ஓட்டுப் போட்டு மூணு பேரை நிறுத்திட்டு, கண்ணைக் கட்டின ஒரு பையன் கையால சீட்டு எடுக்க வச்சாங்க. இரண்டாம் தவாத்ரோஸ் வந்தார். உத்திரமேரூர் எங்கே, கெய்ரோ எங்கே!

எனக்குப் புரிஞ்சது இதுதான். சாமிகிட்ட விடுறதுன்னா யோசிக்காம இருக்கிறது இல்லை. பணக்காரன், பெரிய மனுஷன், மச்சான் பேச்சு இதெல்லாம் கடைசி முடிவுல நுழையாம கதவைச் சாத்துறது. ஆனா அந்தப் பொட்டலத்துக்குள்ள எந்தக் கேள்வியை வச்சுக் கட்டுறோம்கிறது நம்ம கையிலதான் இருக்கு. அதைத் தப்பா கட்டிட்டா, வர்ற பதில் சாமியோடது இல்லை, கட்டினவனோடது.

இப்போ எங்க வீட்டுல எனக்கு வரன் பார்க்கிறாங்க. ஜாதகம் ரெண்டும் கெட்டானா இருந்தா பூக்கட்டிப் பார்க்கலாம்னு அம்மா சொல்றாங்க. தாராளமா பார்க்கட்டும். ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்கு இஷ்டமான்னு கேட்டாகணும்னு கறாரா சொல்லிட்டேன். அம்மாவுக்குக் கோபம், இன்னும் சரியா பேசலை. "பொண்ணுகிட்ட கேட்கிறது புது வழக்கம்"னு சித்தப்பா வேற. புதுசா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெருமாள் பெரியவங்க பக்கமா நின்னாரு? பொண்ணு பக்கம்தானே நின்னாரு!

உங்க ஊர்ப்பக்கம் பூவா, சீட்டா, பல்லியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க மக்கா.